தோத்தாலும் ஃபைனல் போகலாமா? ஐ.பி.எல் பிளே-ஆஃப் கணக்கு... ஓசூர்க்காரங்களுக்கு ஒரு கைடு!

ஓசூர்ல மே மாசத்துக்கு ரெண்டு கலர். மஞ்சள், சிவப்பு. மஞ்சள்னு சொன்னதும் கிருஷ்ணகிரி மாம்பழம்னு நினைச்சா, நீங்க வெளியூர்க்காரர்னு அர்த்தம். இங்கே பேச்சு சி.எஸ்.கே-வும் ஆர்.சி.பி-யும்தான்.

தமிழ்நாட்டுல வேற எந்த ஊர்லயும் இந்த அளவுக்குப் பிரிவினை கிடையாது. சின்னசாமி ஸ்டேடியம் சுமார் 40 கிலோமீட்டர். சேப்பாக்கம் போகணும்னா 300 கிலோமீட்டருக்கு மேல. ஜூஜூவாடி தாண்டினா கர்நாடகா. காலையில அத்திப்பள்ளி டிராஃபிக்ல நின்னு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போறவரும், சிப்காட்ல ஷிஃப்ட் பார்க்கறவரும் ஒரே வீட்டுல இருப்பாங்க. அண்ணன் மஞ்சள், தம்பி சிவப்பு. நடுவுல சாப்பாடு போடுற அம்மா, 'எவன் ஜெயிச்சா என்ன, டி.வி-யை அணைங்கடா' கட்சி.

லீக் மேட்ச் வரைக்கும் இந்தச் சண்டை ஈஸி. ஜெயிச்சா ரெண்டு பாயின்ட், தோத்தா ஒண்ணும் இல்ல. மே கடைசி வாரம் பிளே-ஆஃப் வந்ததும்தான் குழப்பம் ஆரம்பிக்குது. "ஏய், நேத்து தோத்தாங்கல்ல... இன்னைக்கு எப்படி மறுபடி ஆடுறாங்க?" "குவாலிஃபயர்னா செமி ஃபைனல்தானே?" "நாலாவதா வந்தா என்ன, முதலாவதா வந்தா என்ன, நாலு டீமும் உள்ளதானே?" டீக்கடையில ஆரம்பிச்சு வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் இதே கேள்விங்கதான்.

கடைசிக் கேள்விக்குப் பதிலை இப்பவே சொல்லிடுறேன். நாலாவதா வர்றதும் ரெண்டாவதா வர்றதும் ஒண்ணே இல்லை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஐ.பி.எல்-ல நிஜமான சண்டை 'உள்ளே நுழையறதுக்கு' மட்டும் இல்ல, முதல் ரெண்டு இடத்துக்கு!

நாலு டீம், நாலு மேட்ச்

பத்து டீம். ஒவ்வொரு டீமும் 14 லீக் மேட்ச் ஆடும். எல்லாரோடயும் ரெண்டு தடவை ஆடினா 18 வரணுமே? அங்கேதான் ஒரு சின்ன வேலை. அஞ்சு டீமோட ரெண்டு தடவை, மீதி நாலு டீமோட ஒரே தடவை. மொத்தம் 70 லீக் மேட்ச். டேபிள்ல முதல் நாலு இடம் பிளே-ஆஃபுக்கு.

அதுக்கப்புறம் நாலே நாலு மேட்ச். முதல் டீமும் ரெண்டாவது டீமும் மோதுறது குவாலிஃபயர்-1. ஜெயிக்கறவங்க நேரா ஃபைனல். மூணாவதும் நாலாவதும் மோதுறது எலிமினேட்டர். தோத்தா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இப்போ குவாலிஃபயர்-1ல தோத்த டீமும், எலிமினேட்டர்ல ஜெயிச்ச டீமும் மோதும். அது குவாலிஃபயர்-2. அதுல ஜெயிக்கறவங்க ஃபைனலுக்குள்ள வரும் ரெண்டாவது டீம்.

ஆக, குவாலிஃபயர்-1ஐ செமி ஃபைனல்னு சொல்றது தப்பு. செமி ஃபைனல்ல தோத்தா வீட்டுக்குப் போகணும். இங்கே தோத்தா, இன்னொரு மேட்ச் இருக்கு. நிஜமான செமி ஃபைனல்னு ஒண்ணைக் காட்டச் சொன்னா, குவாலிஃபயர்-2ஐத்தான் காட்டணும். அன்னைக்குத்தான் ரெண்டு டீமுக்கும் அடுத்த வாய்ப்பு கிடையாது.

இந்த முறையை ஐ.பி.எல் கண்டுபிடிக்கலை. 1931-லயே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா ஃபுட்பால் லீக்ல வந்துடுச்சு. பேஜ் முறை, பேஜ்-மெக்கின்டைர் முறைனு சொல்வாங்க. ஐ.பி.எல் அதை எடுத்துக்கிட்டது 2011-ல். அதுக்கு முன்னாடி மூணு வருஷம் சாதா செமி ஃபைனல்தான்.

ஏன் மாத்தினாங்கன்னு புரிய 2009-ஐப் பார்த்தா போதும். தென்னாப்பிரிக்காவுல நடந்த அந்த சீஸன்ல டெல்லி டேபிள் டாப்பர். டெக்கான் சார்ஜர்ஸ் நாலாவது. செமி ஃபைனல்ல ஆடம் கில்கிறிஸ்ட் 35 பந்துல 85. டெல்லியோட மொத்த சீஸன் உழைப்பும் ஒரே ராத்திரியில காலி. நாலாவதா வந்த டெக்கான் ஃபைனல்ல ஆர்.சி.பி-யையும் தோற்கடிச்சு கப்பைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. பார்க்க த்ரில்தான். ஆனா, ஒன்றரை மாசம் முதல் இடத்துல நின்னவனுக்கு அதுக்கான கூலி எங்கே? வருஷம் முழுக்க லீவே போடாம வேலை பார்த்தவருக்கும், பாதி நாள் வந்தவருக்கும் ஒரே போனஸ் கொடுத்தா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

சுண்டிப் பார்ப்போம்

பேப்பர், பேனா வேண்டாம். நாலு டீமும் சம பலம், ஒவ்வொரு மேட்ச்சும் காசு சுண்டுற மாதிரி பாதிக்குப் பாதினு வெச்சுக்குவோம்.

பழைய செமி ஃபைனல் முறையில நாலு டீமுக்கும் தலா 25 சதவிகித வாய்ப்பு. இப்போதைய முறையில? மூணாவது, நாலாவது டீம் கப்பு வாங்கணும்னா தொடர்ந்து மூணு மேட்ச் ஜெயிக்கணும். அரை, அதுல அரை, அதுலயும் அரை... 12.5 சதவிகிதம். முதல் ரெண்டு டீமுக்கு ரெண்டு வழி. குவாலிஃபயர்-1, ஃபைனல் ரெண்டையும் ஜெயிக்கலாம். அது 25 சதவிகிதம். இல்லன்னா முதல்ல தோத்து, அப்புறம் ரெண்டையும் ஜெயிக்கலாம்; அது 12.5. கூட்டினா 37.5.

அதாவது, ரெண்டாவதா முடிச்ச டீமுக்கு மூணாவதா முடிச்ச டீமைவிட மூணு மடங்கு வாய்ப்பு. டேபிள்ல ஒரே ஒரு இடம்தான் வித்தியாசம்!

காசு கணக்கை விடுங்க, நடந்ததைப் பாருங்க. 2011-லேருந்து 2025 வரைக்கும் 15 சீஸன். அதுல 12 தடவை கப்பு வாங்கினது குவாலிஃபயர்-1ல ஜெயிச்ச டீம். ரெண்டு தடவை, குவாலிஃபயர்-1ல தோத்து சுத்தி வந்த டீம். 2013, 2017 - ரெண்டுமே மும்பைதான். வேற யாருக்கும் அந்த வித்தை கைகூடலை. எலிமினேட்டர் வழியா வந்து ஜெயிச்சது ஒரே ஒரு டீம், 2016-ல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத். அதுவும் மூணாவதா முடிச்ச டீம். நாலாவதா முடிச்சு இந்த முறையில கப்பு வாங்கினவங்க 2025 வரைக்கும் யாருமே இல்லை. 2012-ல் சி.எஸ்.கே நாலாவதா வந்து ஃபைனல் வரைக்கும் போய் கொல்கத்தாகிட்ட தோத்தது. 2021-ல் அதே கொல்கத்தா நாலாவதா வந்து ஃபைனல் வரைக்கும் போய் சி.எஸ்.கே-கிட்ட தோத்தது. கணக்கு நேர்!

2016-ன்னு சொன்னதும் சிவப்புக் கட்சிக்கு நெஞ்சு வலிக்கும்னு தெரியும். சாரி. அந்த சீஸன்ல கோலி அடிச்சது 973 ரன். ஃபைனல் சின்னசாமியில. 209 டார்கெட்டுக்கு விக்கெட்டே விழாம 114. அங்கேருந்து எட்டு ரன்ல தோல்வி. அந்த ராத்திரி ஓசூர்ல மஞ்சள் கட்சிக்காரங்க பண்ணின அலப்பறை இருக்கே... அந்த வருஷம் சி.எஸ்.கே தடையில இருந்ததால ஆடவே இல்லைங்கறதை வசதியா மறந்துட்டாங்க.

ஏற்கெனவே உள்ளே வந்துட்டாங்க... அப்புறம் எதுக்கு அந்த வெறி?

2025 மே 27. லீக்ல கடைசி மேட்ச், 70-வது. லக்னோவுல ஆர்.சி.பி. பிளே-ஆஃப் இடம் ஏற்கெனவே உறுதி. தோத்தாலும் வெளியே போகப் போறதில்லை. லக்னோ 227 ரன் குவிக்குது. ரிஷப் பன்ட் சதம். 'சரி, விடு, எப்படியும் உள்ளதானே'னு டி.வி-யை அணைச்சவங்க அன்னைக்கு நிறைய பேர்.

தோத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஆர்.சி.பி-க்கு 17 பாயின்ட். குஜராத்துக்கு 18. ஆர்.சி.பி மூணாவது இடம், எலிமினேட்டர்ல மும்பையோட மோதல். ஜெயிச்சதால 19 பாயின்ட், ரெண்டாவது இடம், குவாலிஃபயர்-1. ஜிதேஷ் சர்மா 33 பந்துல அடிச்ச அந்த 85 நாட்-அவுட்டோட மதிப்பு இதுதான். 18.4 ஓவர்ல சேஸ் முடிஞ்சது.

அடுத்து நடந்ததைத் தேதியோட பாருங்க. மே 29, குவாலிஃபயர்-1. பஞ்சாப் 101-க்கு ஆல் அவுட்; ஆர்.சி.பி பத்தே ஓவர்ல முடிச்சாங்க. ஜூன் 3 ஃபைனல் வரைக்கும் நடுவுல முழுசா நாலு நாள் ரெஸ்ட். எலிமினேட்டர் வழியா வந்த மும்பைக்கு? மே 30 ஒரு மேட்ச், ஜூன் 1 இன்னொண்ணு, ஜெயிச்சிருந்தா ஜூன் 3 மூணாவது. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவனை மறுநாள் டபுள் டியூட்டிக்குக் கூப்பிட்ட கதை. குவாலிஃபயர்ல ஜெயிச்சா கிடைக்கற பரிசுல இந்த ரெஸ்ட்டும் ஒண்ணு. டேபிள்ல அது தெரியாது, பௌலரோட தோள்பட்டைக்குத் தெரியும்.

பஞ்சாபைப் பத்தியும் சொல்லணும். டேபிள் டாப்பர். 101-க்கு ஆல் அவுட் ஆகி மானம் போன பிறகும் அவங்களுக்கு இன்னொரு மேட்ச் இருந்தது. ஜூன் 1, அகமதாபாத். மும்பை 203. ஷ்ரேயாஸ் ஐயர் 41 பந்துல 87 நாட்-அவுட். ஃபைனலுக்கு வந்துட்டாங்க. 2009-ல டெல்லிக்குக் கிடைக்காதது, 2025-ல பஞ்சாபுக்குக் கிடைச்சது. ஃபைனல்ல ஆறு ரன்ல தோத்தாங்கங்கறது வேற கதை. 18-வது சீஸன்ல ஆர்.சி.பி-க்கு முதல் கப்பு.

பஞ்சாப், ஆர்.சி.பி ரெண்டு டீமுக்கும் 19 பாயின்ட். ஒத்தைப்படையா எப்படி வந்ததுன்னு யோசிச்சீங்களா? மழை. மேட்ச் ரத்தானா ஆளுக்கு ஒரு பாயின்ட். ரெண்டு டீமோட ரத்தான மேட்ச்சும் கொல்கத்தாவோடதான். மே 17-ம் தேதி சின்னசாமியில ஒரு பந்துகூடப் போடாம ரத்தாச்சு. அன்னைக்கு பெங்களூர்ல கொட்டின மழை.

அந்த மே 18

இப்போ மஞ்சள் கட்சிக்கு நெஞ்சு வலிக்கற இடம். 2024 மே 18, சின்னசாமி. ஓசூர் வரலாற்றுல இதைவிட டென்ஷனான சனிக்கிழமை இருந்திருக்குமா தெரியலை. பாதி வீடுகள்ல அன்னைக்கு ராத்திரி யாரும் யாரோடயும் பேசியிருக்க மாட்டாங்க.

சி.எஸ்.கே-வுக்கு 14 பாயின்ட், ஆர்.சி.பி-க்கு 12. பிளே-ஆஃப்ல மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம், நாலாவது. ஆர்.சி.பி ஜெயிச்சா ரெண்டு பேருக்கும் 14. அப்போ நெட் ரன் ரேட் பார்க்கணும்.

நெட் ரன் ரேட்னா பயப்பட வேண்டாம். சீஸன் முழுக்க நீங்க அடிச்ச மொத்த ரன்னை, ஆடின மொத்த ஓவரால வகுங்க. எதிரணிகள் உங்களுக்கு எதிரா அடிச்ச மொத்த ரன்னை, நீங்க போட்ட மொத்த ஓவரால வகுங்க. முதல்ல வந்ததிலேருந்து ரெண்டாவதைக் கழிச்சா முடிஞ்சது. ஒரே ஒரு கொக்கி. ஆல் அவுட் ஆனா, 15 ஓவர்லயே சுருண்டிருந்தாலும், 20 ஓவரும் ஆடினதாத்தான் கணக்கு. ஒரு டீம் 80-க்கு சுருண்டா அதோட ரன் ரேட் பாதாளத்துக்குப் போறது இதனாலதான். ரத்தான மேட்ச் கணக்குல வராது.

இதை வெச்சுப் போட்ட கணக்குப்படி, ஆர்.சி.பி முதல்ல பேட் பண்ணினா குறைஞ்சது 18 ரன் வித்தியாசத்துல ஜெயிக்கணும். அவங்க அடிச்சது 218. அதனால அன்னைக்கு சி.எஸ்.கே-வுக்கு ரெண்டு டார்கெட். மேட்ச் ஜெயிக்க 219. பிளே-ஆஃப் போக வெறும் 201! தோத்தாலும் ஜெயிக்கலாம். ஸ்டேடியத்துல இருந்த எல்லாரும் ஸ்கோர்போர்டுல 219-ஐ மறந்துட்டு 201-ஐத்தான் எண்ணிக்கிட்டிருந்தாங்க.

கடைசி ஓவர். 201-ஐத் தொட 17 ரன் வேணும். யஷ் தயாள் பௌலிங், எதிர்ல தோனி. முதல் பந்து சிக்ஸர். பந்து ஸ்டேடியத்துக்கு வெளியே. அஞ்சு பந்துல 11. ரெண்டாவது பந்துல தோனி கேட்ச். மீதி நாலு பந்துல வந்தது ஒரே ஒரு ரன். சி.எஸ்.கே 191. மேட்ச்சை 27 ரன்ல தோத்தாங்க. பிளே-ஆஃபைத் தோத்தது பத்து ரன்ல. முதல் எட்டு மேட்ச்ல ஏழைத் தோத்திருந்த ஆர்.சி.பி, தொடர்ந்து ஆறு ஜெயிச்சு உள்ளே போயிடுச்சு.

சரி, உள்ளே போன ஆர்.சி.பி-க்கு என்ன ஆச்சு? நாலு நாள் கழிச்சு எலிமினேட்டர்ல ராஜஸ்தான்கிட்ட தோத்து அதுவும் வெளியே. அவ்வளவு பாடுபட்டு வாங்கின நாலாவது இடத்தோட ஆயுசு நாலு நாள். 2024-ஐயும் 2025-ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ரெண்டாவது இடம் எதுக்குன்னு நான் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காக்காரன் என்ன பண்றான்?

இதே தலைவலி உலகம் முழுக்க எல்லா லீகுக்கும் உண்டு. அமெரிக்காவோட என்.எஃப்.எல்-ல 32 டீம். ஏ.எஃப்.சி, என்.எஃப்.சி-னு ரெண்டு பக்கமா 16, 16. ஒவ்வொரு பக்கமும் ஏழு டீம் பிளே-ஆஃப் போகும். அப்படியே வடிகட்டி, ஒவ்வொரு பக்கமும் கடைசி ரெண்டு டீம் மோதுறதுதான் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப். ஜனவரி கடைசியில ஒரே ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மேட்ச். ஜெயிக்கற ரெண்டு டீமும் சூப்பர் பௌல் ஃபைனலுக்கு. அந்தப் படியில ஜெயிச்சதுக்கே தனியா கோப்பை கொடுத்துடுவாங்க.

அங்கே இரண்டாவது வாய்ப்புங்கற பேச்சே கிடையாது. 2011 சீஸன்ல கிரீன் பே பேக்கர்ஸ் 16 மேட்ச்ல 15 ஜெயிச்சாங்க. பிளே-ஆஃப்ல ஆடின முதல் மேட்ச்லயே நியூயார்க் ஜயன்ட்ஸ்கிட்ட தோல்வி. அவ்வளவுதான், வீட்டுக்கு. ஆனா, டாப்ல வந்தவங்களுக்கு வேற விதமா கூலி உண்டு. முதல் இடம் வந்தா முதல் ரவுண்டே ஆட வேண்டாம். அதோட, டேபிள்ல மேல இருக்கற டீமோட சொந்த ஊர்லதான் மேட்ச் நடக்கும். கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் வரைக்கும் அப்படித்தான். சூப்பர் பௌல் மட்டும் முன்கூட்டியே முடிவான ஊர்ல.

ஐ.பி.எல்-ல இது தலைகீழ். இரண்டாவது வாய்ப்பு உண்டு, சொந்த ஊர் கிடையாது. பிளே-ஆஃப் எந்த ஊர்லனு முன்னாடியே முடிவு பண்ணிடுவாங்க. 2023-ல சி.எஸ்.கே-வுக்கு குவாலிஃபயர்-1 சேப்பாக்கத்துல அமைஞ்சது அதிர்ஷ்டம். 2025-ல பஞ்சாபுக்கும் சொந்த கிரவுண்டு அமைஞ்சது. அங்கேதான் அந்த 101. என்னைக் கேட்டா, குவாலிஃபயர்-1ஐ மட்டுமாவது டேபிள் டாப்பரோட ஊர்ல நடத்தலாம். 14 மேட்ச் கஷ்டப்பட்டது டீம் மட்டுமில்ல, அந்த ஊரும்தானே.

நம்ம பெண்கள் பிரீமியர் லீக்ல வேற மாதிரி. முதல் இடம் நேரா ஃபைனல். ரெண்டாவதும் மூணாவதும் எலிமினேட்டர். கேட்க சூப்பரா இருக்கும். ஆனா, 2023, 2024, 2025 மூணு வருஷமும் டெல்லிதான் முதல் இடம், மூணு வருஷமும் ஃபைனல்ல தோல்வி. 2024-ல் அவங்களைத் தோற்கடிச்சது மூணாவதா வந்த ஆர்.சி.பி. எந்த முறை வெச்சாலும் கடைசி ராத்திரியை யாரும் எழுதி வெக்க முடியாது.

ஃபைனல் வேற ஊர்லங்கறதால, கப்பு ஊருக்கு வந்து சேர்ற நாள்தான் ரசிகர்களுக்குத் திருவிழா. 2025 ஜூன் 4 அப்படி ஒரு நாளாத்தான் ஆரம்பிச்சது. சின்னசாமி வாசல்ல கூட்ட நெரிசல்ல 11 பேர் இறந்துபோனாங்க. 40 கிலோமீட்டர்தானேனு இங்கேருந்து பைக்கை எடுத்தவங்களும், பாதி வழியில போன் வந்து திரும்பினவங்களும் நம்ம தெருவுலயே இருப்பாங்க. அந்தக் கப்பைப் பத்திப் பேசும்போது அந்த 11 பேரைச் சொல்லாம தாண்டிப் போக முடியலை.

மழை வந்தா? லீவு எப்போ போடறது?

பிளே-ஆஃப்ல டை ஆனா சூப்பர் ஓவர். அதுவும் டை ஆனா இன்னொரு சூப்பர் ஓவர். மழை கொட்டி ஒண்ணுமே நடக்கலைன்னா? டேபிள்ல மேல இருந்தவங்க ஜெயிச்சதா அர்த்தம். 2025 குவாலிஃபயர்-2ல மழையால மேட்ச் ரெண்டேகால் மணி நேரம் தள்ளிப்போச்சு. பஞ்சாப் ரசிகர்கள் ஜாலியா உட்கார்ந்திருந்தாங்க; மேட்ச் நடக்கலைன்னா ஃபைனல் அவங்களுக்குத்தான். நகத்தைக் கடிச்சது மும்பை. லீக்ல வாங்கின இடம் மழை நாள்லயும் சோறு போடும்.

ஃபைனலுக்கு ரிசர்வ் நாள் உண்டு. 2023-ல் மே 28 நடக்க வேண்டிய ஃபைனல் 29-க்குப் போய், முடியும்போது 30-ம் தேதி விடியற்காலை. கடைசி ரெண்டு பந்துல பத்து ரன், ஜடேஜா சிக்ஸர், ஃபோர். அதைப் பார்த்துட்டு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குப் போனவங்க எப்படி வேலை பார்த்தாங்கன்னு அவங்களைத்தான் கேட்கணும்.

மேட்ச் ஏழரைக்கு. செகண்ட் ஷிஃப்ட்ல இருந்தா போச்சு. பல கம்பெனிகள்ல லைனுக்குள்ள போன் எடுத்துட்டுப் போகவே முடியாது. கேன்டீன் பிரேக்ல யாராவது சொல்ற ஸ்கோர்தான். அதனால ஷிஃப்ட் மாத்திக்க ஒரே ஒரு சான்ஸ்தான் இருக்குன்னு வெச்சுக்குங்க. உங்க டீம் முதல் ரெண்டு இடத்துல இருந்தா, குவாலிஃபயர்-1க்கு அதைச் செலவு பண்ணாதீங்க. தோத்தாலும் இன்னொண்ணு இருக்கு. குவாலிஃபயர்-2க்கோ ஃபைனலுக்கோ வெச்சுக்குங்க. மூணாவது, நாலாவதுன்னா யோசிக்காதீங்க, எலிமினேட்டர் அன்னைக்கே சூப்பர்வைசர்கிட்ட பேசிடுங்க. அதுக்கப்புறம் ஒண்ணு இருக்குமானு உத்தரவாதம் இல்லை.

டேபிளை எப்போ பார்க்க ஆரம்பிக்கணும்? பத்தாவது மேட்ச் தாண்டினதும். 16 பாயின்ட் எடுத்துட்டா பெரும்பாலும் உள்ளே வந்துடலாம்; 14-ன்னா 2024 மாதிரி கால்குலேட்டர் வேணும். ஆனா, கண்ணை நாலாவது கோட்டுல வெக்காம ரெண்டாவது கோட்டுல வெச்சுப் பாருங்க. ஏப்ரல்ல தோத்த ஒரு சப்பை மேட்ச் மே மாசம் எப்படிக் கழுத்தைப் பிடிக்குதுன்னு புரியும்.

அண்ணன் தம்பி கதைக்கு வருவோம். இந்த பிளே-ஆஃப் முறை வந்த முதல் வருஷம், 2011-ல், டேபிள்ல முதல் இடம் ஆர்.சி.பி, ரெண்டாவது சி.எஸ்.கே. குவாலிஃபயர்-1ல சி.எஸ்.கே ஜெயிச்சது. ஆர்.சி.பி சுத்தி வந்து, மும்பையை ஜெயிச்சு, மறுபடியும் ஃபைனல்ல சி.எஸ்.கே முன்னாடி நின்னு, 58 ரன்ல தோத்தது. 2015 குவாலிஃபயர்-2ல ராஞ்சியில இன்னொரு தடவை மோதினாங்க; அதுலயும் மஞ்சள்தான். 2011-லேருந்து 2025 வரைக்கும் பிளே-ஆஃப்ல இவங்க மோதினது இந்த மூணு தடவைதான். முதல் ரெண்டு இடத்தையும் இவங்களே பிடிச்ச வருஷம் 2011-க்கு அப்புறம் 2025 வரைக்கும் வரவே இல்லை. என்னைக்காவது வந்தா, குவாலிஃபயர்-1 அன்னைக்கு ஓசூர்ல ஒரே சோஃபாவுல ரெண்டு ஜெர்சியும் தைரியமா உட்காரலாம். தோக்கறவனுக்கும் அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கும்.